மண்எண்ணெய் குடித்த மோட்டார் கார்!

மோட்டார் கார் எதைக் குடித்து ஓடும்?

"இது என்ன கேள்வி? பெட்ரோல்!" என்பீர்கள். "டீசல்" என்று சிலர் சொல்வீர்கள்.

விளக்குக்கு ஊற்றும் மண்எண்ணெயைக் குடித்துவிட்டு ஒரு கார் ஓடியது என்றால் நம்புவீர்களா?

ஓடியது. ஒன்று அல்ல, பல கார்கள் ஓடின. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் ஓடின. நம் கடற்கரைக்கு எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்தில் ஓடின.

அந்தக் கார்கள் அப்போதே கிழடு. முப்பது வயது, நாற்பது வயது ஆனவை. அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன. கண்காட்சியில் நிற்பதற்காக அல்ல. ஆள் ஏற்றிக்கொண்டு, கூலிக்கு ஓடுகின்றன.

நான் யாழ்ப்பாணம் போயிருந்தபோது அப்படிப்பட்ட ஒரு காரில் ஏறினேன்.

ஆமை முதுகு

யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையமும் பெரிய ஆஸ்பத்திரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே சாலை ஓரத்தில் ஆட்டோக்களின் நடுவே அது நின்றது.

பச்சை நிறம். ஆமை முதுகு போல் வளைந்த கூரை. தவளைக் கண் போல் இரண்டு விளக்குகள். மாரிஸ் மைனர்! 1958-ம் ஆண்டு வண்டி.

நம்பர் பலகையில் சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' என்று இருந்தது. 1957-க்கு முன்பு பதிவான இலங்கை வண்டிகளுக்கு ஆங்கில எழுத்துதான். அந்த ஆண்டு சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அந்த ஒரு எழுத்துக்காக 1958-ல் தமிழ்ப் பகுதிகளில் பெரிய கிளர்ச்சியே நடந்தது. அது தனிக் கதை. காரின் கதைக்கு வருவோம்.

டிரைவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை.

"என்ன தம்பி, இந்தியாவோ?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா. பத்திரிகையில் எழுதுகிறேன்" என்றேன்.

"அப்ப ஏறுங்கோ. ஆனால் என்ரை பேரைப் போடாதேங்கோ. காரைப் பற்றி எழுதுங்கோ, காணும்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்கிறேன்.

சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடவில்லை. முன்பக்கம் எங்கிருந்தோ 'டிக், டிக், டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அது பெட்ரோல் பம்பு. டாங்கியில் இருந்து எண்ணெயை உறிஞ்சுகிறது. சத்தம் நின்றதும் ஒரு குமிழைப் பிடித்து இழுத்தார். என்ஜின் கனைத்தது, ஓடியது.

"இந்த டிக், டிக் நிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் எண்ணெய் முடிஞ்சுது எண்டு அர்த்தம். கேட்கவே இல்லை எண்டால் பம்பு இறுகிப்போச்சு. ஒரு தட்டுத் தட்டினால் சரி" என்றார் பெரியவர்.

இந்தக் காலத்துக் காரில் ஏதாவது கெட்டுப்போனால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். என்ன கெட்டது என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வேண்டும். அந்தக் காலத்துக் கார் அப்படி அல்ல. அதுவே வாய் திறந்து சொல்லிவிடும்.

நாலு அங்குலம்

மாரிஸ் மைனர் பிறந்தது இங்கிலாந்தில். இரண்டாவது உலகப்போர் முடிந்த பிறகு, 1948-ம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் அதைப் பார்த்தார்கள்.

அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியில் உள்ள இஸ்மீர் நகரில் பிறந்தவர். பிற்காலத்தில் 'மினி' என்ற குட்டிக் காரை உண்டாக்கி உலகப் புகழ் பெற்றவரும் இவரே.

கார் தயாராகிவிட்டது. ஆனால் இசிகோனிசுக்குத் திருப்தி இல்லை. 'ஏதோ ஒல்லியாக இருக்கிறதே!' என்று பட்டது. என்ன செய்தார் தெரியுமா? காரை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார்! இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் தள்ளியதும் 'இதுதான் சரி' என்றார்.

அதற்குள் ஒல்லிக் காருக்கு உரிய பம்பர்கள் தயாராகி இருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டி, நாலு அங்குலத் தகடு வைத்து ஒட்டுப்போட்டார்கள். பழைய மாரிஸ் மைனரைப் பார்த்தால், என்ஜின் மூடியின் நடுவில் பட்டையாக ஒரு மேடு தெரியும். அந்த நாலு அங்குலத்தின் அடையாளம் அது.

கம்பெனியின் முதலாளி நபீல்டு பிரபு. சைக்கிள் ரிப்பேர் செய்து வாழ்க்கையைத் தொடங்கி, கோடீசுவரர் ஆனவர். அவருக்கு இந்தக் காரைப் பிடிக்கவே இல்லை. 'வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது' என்று கேலி செய்தாராம்.

முட்டை பொரிந்தது! 1960-ம் ஆண்டு டிசம்பரில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். 1971-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

நம் ஊர் அம்பாசடர் கார், இதே கம்பெனியின் 'மாரிஸ் ஆக்ஸ்போர்டு' காரின் நகல். அதனால் மாரிஸ் மைனர் நமக்கும் ஒரு வகையில் உறவுதான்.

புதுக் கார் வரவில்லை

1950-களில் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர், டாக்டர், வக்கீல், அரசாங்க உத்தியோகஸ்தர் ஆகியோர் விரும்பி வாங்கிய கார்களில் இது ஒன்று. ஆஸ்டின் ஏ-40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மாரிஸ் ஆக்ஸ்போர்டு ஆகியவையும் வந்தன. எல்லாம் இங்கிலாந்துக் கார்கள்.

1960-களிலும் 70-களிலும் இலங்கையில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு. புதுக் கார் இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பாக இருந்தது. 1977-ல்தான் கதவு திறந்தது. ஆறு ஆண்டுகளுக்குள், 1983-ல் போர் தொடங்கிவிட்டது. வடக்குக்குச் சாமான் போவதே கஷ்டம். கார் எப்படிப் போகும்?

ஆகவே அப்பா ஓட்டிய காரையே மகன் ஓட்டினார். காரை விற்க மனம் இல்லாமல் அல்ல. வேறு கார் இல்லை!

கியூபா நாட்டிலும் இப்படித்தான் நடந்தது. 1962-ல் அமெரிக்கா வர்த்தகத் தடை விதித்த பிறகு அங்கே புது அமெரிக்கக் கார் வரவில்லை. 1950-களின் பெரிய பெரிய கார்களையே இன்றுவரை டாக்சியாக ஓட்டுகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பல கார்களில் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு வேறு டீசல் என்ஜினை மாட்டிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் என்ஜின் மாறவில்லை. எண்ணெய்தான் மாறியது!

பெட்ரோல் இல்லை

1990-ம் ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாடு விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கே பெட்ரோல், டீசல், பாட்டரி, சிமெண்டு, உரம் முதலியவற்றைக் கொண்டுபோக இலங்கை அரசாங்கம் தடை விதித்தது.

மின்சாரமும் போய்விட்டது. குடாநாடு முழுவதும் இருட்டு.

அளவாக வந்த எண்ணெய் ஒன்று உண்டு. மண்எண்ணெய்! அடுப்புக்கும் விளக்குக்கும் அதுதான். அதையும் சிக்கனமாகச் செலவிட வேண்டும். காலி ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு, 'ஜாம் போத்தல் விளக்கு' என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள்.

அந்த மண்எண்ணெய்தான் காருக்கும்.

பம்பு ஸ்டவ் ரகசியம்

பெட்ரோல் காரில் மண்எண்ணெய் ஊற்றினால் ஓடுமா? சும்மா ஊற்றினால் ஓடாது. என்ஜின் கிளம்பவே கிளம்பாது.

ஏன் என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் படிப்பு வேண்டாம். பழைய பம்பு ஸ்டவ்வைப் பற்ற வைத்த தாய்மார்களுக்கு இது தெரியும்.

பம்பு ஸ்டவ்வில் நேராகத் தீக்குச்சியைக் காட்டினால் எரியுமா? எரியாது. முதலில் மேலே உள்ள கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டு ஊற்றிக் கொளுத்துவார்கள். பர்னர் சூடாகும். பிறகு பம்பு அடித்தால், மண்எண்ணெய் ஆவியாகி, 'புஸ்' என்று நீலமாக எரியும்.

காரும் அப்படித்தான். என்ஜினுக்குள் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. பெட்ரோல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். மண்எண்ணெய் ஆவியாக நல்ல சூடு வேண்டும்.

எனவே முதலில் சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டரின் வாயில் விடுவார்கள். (எண்ணெயையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குள் அனுப்பும் கருவிதான் கார்புரேட்டர்.) என்ஜின் கிளம்பும். அது சூடாகும்வரை சிறிது சிறிதாகப் பெட்ரோல் கொடுக்க வேண்டும். சூடு ஏறியதும் மண்எண்ணெய் போதும். அதற்குப் பிறகு நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். என்ஜின் நின்று குளிர்ந்துவிட்டால் மறுபடியும் பெட்ரோல் துளி தேடவேண்டும்.

இது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய வித்தையும் அல்ல. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரில் விளைகின்றன. தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் மண்எண்ணெயில் ஓடியவை. பெட்ரோலில் கிளப்பி மண்எண்ணெய்க்கு மாற்றுவது விவசாயிகளுக்குக் கைவந்த பழக்கம்.

இங்கிலாந்திலும் இந்த முறை இருந்தது. 1949 முதல் விற்ற ஒருவகை பெர்குசன் டிராக்டர், பெட்ரோலில் கிளம்பி, மண்எண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் உழுதது.

சரி, இன்றைய காரில் இதைச் செய்ய முடியுமா? தயவுசெய்து யாரும் முயற்சி செய்யவேண்டாம்!

என்ஜினுக்குள் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அழுத்தி, நசுக்கி, பிறகு தீப்பொறியைக் காட்டுகிறார்கள். இன்றைய என்ஜின் அந்தக் கலவையைப் பத்தில் ஒரு பங்காகவும் அதற்கும் குறைவாகவும் நசுக்குகிறது. மண்எண்ணெயை அப்படி நசுக்கினால் ஒழுங்காக எரியாது. கண்டபடி வெடிக்கும். சுத்தியலால் அடிப்பது போல் 'டக், டக்' என்று சத்தம் வரும். என்ஜின் நாசமாகும். மாரிஸ் மைனர் போன்ற பழைய என்ஜின், ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நசுக்கும். அந்த மந்தமான அழுத்தத்தை மண்எண்ணெய் ஒருவாறு தாங்கிக்கொள்ளும்.

இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. மாரிஸ் மைனரில் எண்ணெய் ஆவி உள்ளே போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போகிற புகையின் சூடு வருகிற ஆவிக்குக் கிடைக்கும். யாழ்ப்பாணத்தை நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. ஆனாலும் அது யாழ்ப்பாணத்துக்கு உதவியது.

பத்துக் கட்டை தூரம்

பெரியவர் நல்லூர்ச் சாலையில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே சொன்ன கதை இது.

"தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, தம்பி. மார்கழி மழை. அச்சுவேலிப் பக்கத்திலை ஒரு வீடு. நடுச்சாமம் வந்து கதவைத் தட்டினாங்கள். பிள்ளைத்தாச்சி. வலி கண்டிட்டுது. மருத்துவிச்சி கையை விரிச்சிட்டா. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் தாயும் பிள்ளையும் தப்பும். பத்துக் கட்டை தூரம்."

கட்டை என்றால் அங்கே மைல்.

"என்னட்டை மருந்துப் போத்தலிலை ரெண்டு விரல் அளவு பெற்றோல் இருந்தது. அவ்வளவுதான். பாட்டரியும் செத்துப்போச்சு. முன்னாலை கைபிடியைப் போட்டுச் சுத்தினேன். ஈர மழை. ரெண்டு தரம் கிளம்பி நிண்டுட்டுது. போத்தலிலை அரை விரல்தான் மிச்சம். அப்ப என்ரை மனிசி அடுப்பிலை இருந்து கொள்ளிக்கட்டையின்ரை சாம்பலைத் துணியிலை கட்டிக் கொண்டு வந்தா. அந்தக் குழாயிலை ஒத்தடம் குடுத்தம், பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி. மூண்டாம் தரம் பிடிச்சுது."

டாங்கியில் மண்எண்ணெய் போதவில்லை. கூட வந்த அயலார் தங்கள் வீட்டு விளக்குகளில் இருந்த எண்ணெயை ஊற்றிக்கொடுத்தார்கள். அன்றிரவு அந்த ஒழுங்கையில் நாலைந்து வீடுகள் இருட்டில் கிடந்தன.

வழியில் முன்விளக்கைப் போட முடியாது. மேலே விமானச் சத்தம் கேட்டால், வெளிச்சம் உள்ள இடத்தில் குண்டு விழும் என்ற பயம். ஒருவர் சைக்கிளில் முன்னால் போனார். அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டே இவர் ஓட்டினார். நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கிளம்பாதே!

"விடிய முந்திப் பிள்ளை பிறந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளை. இப்ப கனடாவிலை" என்றார் பெரியவர். வேறு எதுவும் சொல்லவில்லை. எதிரே வந்த மாட்டுக்கு ஹார்ன் அடித்தார்.

என்ஜின் கொடுத்த விலை

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'ஆகா, மண்எண்ணெய்க் கார்!' என்று வாயைப் பிளக்கவேண்டாம். அந்தச் சவாரிக்கு என்ஜின் தன் உடம்பைக் கொடுத்தது.

மண்எண்ணெய் முழுவதும் எரிவதில்லை. எரியாத மிச்சம் கரியாகி, தீப்பொறி கொடுக்கும் பிளக்கில் ஒட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மறுபடி மாட்டவேண்டும். சில நாளைக்கு ஒருமுறை இது நடக்கும்.

இன்னொரு மிச்சம் கீழே இறங்கி, என்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். சாதாரணமாக ஓட ஓட ஆயில் குறையும். இங்கே அளவுக் கம்பியை விட்டுப் பார்த்தால் ஆயில் கூடியிருக்கும்! அனுபவம் இல்லாதவன் சந்தோஷப்படுவான். அனுபவசாலி பயப்படுவான். தண்ணீரான ஆயிலுக்கு வழவழப்பு இல்லை. உள்ளே இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்துபோகும்.

புகை வேறு. ஒரு கார் போனால் தெரு முழுவதும் மண்எண்ணெய் நாற்றம். பின்னால் சைக்கிளில் போகிறவர்களுக்குக் கண் எரியும்.

அப்படித் தேய்ந்த என்ஜினைப் பட்டறைக்காரர்கள் திரும்பத் திரும்பப் பிரித்தார்கள். கரி சுரண்டினார்கள். வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தார்கள். உடைந்த சாமானைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்தார்கள். செத்துப்போன ஒரு காரைப் பிரித்து நாலு கார்களைப் பிழைக்கவைத்தார்கள். கையால் கழற்றவும், கையால் பூட்டவும் முடிந்த கார் என்பதால்தான் இது நடந்தது.

1995-ம் ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி இரவு, ராணுவம் நெருங்கியபோது, லட்சக்கணக்கான மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி வெளியேறினார்கள். அந்த நெரிசலில் இந்தக் கார்களும் ஊர்ந்தன. நடக்க முடியாத கிழவர்களும் மூட்டைகளும் அவற்றுக்குள். பெரியவர் அன்றைய கதையைச் சொல்ல விரும்பவில்லை. நானும் கேட்கவில்லை.

தட்டி வான்

கார் ஏறப் பணம் இல்லாதவர்களுக்குத் தட்டி வான் இருந்தது.

பழைய செவர்லே லாரியின் அடிச்சட்டத்தின் மேல் மரத்தால் கட்டிய உடம்பு. பக்கத்தில் கண்ணாடி கிடையாது. உள்ளே பலகை இருக்கைகள். பின்பக்கத்துக் கதவைச் சங்கிலியில் தொங்கவிட்டால், அதுவே ஒரு மேடை. அந்தத் 'தட்டி'யின் மேல் வாழைக்குலை, பலாப்பழம், தேங்காய், மூட்டை முடிச்சுகள் எல்லாம் ஏறும். இடம் இருந்தால் மனிதரும் ஏறுவார்கள்!

கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே தட்டி வான் ஓடியது பிரசித்தம். கொடிகாமம் சந்தையில் வாங்கிய காய்கறியோடு வியாபாரிப் பெண்கள் அதில்தான் வடமராட்சிக்குப் போவார்கள். பஸ்ஸில் கூடைக்கு இடம் கிடைக்காது. தட்டி வானில் கூடைக்குத்தான் முதல் மரியாதை.

ஆயிரம் மைலுக்கு ஒரு முறை

பழைய காரைத் தினமும் ஓட்டுவது லேசான காரியம் அல்ல. வீட்டில் பசு மாடு வளர்ப்பது போல. ஒரு நாள் கவனிக்காவிட்டாலும் தெரிந்துவிடும்.

மாரிஸ் மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் திருகுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கவேண்டும். ஐந்து நிமிட வேலை. அடிக்காமல் விட்டால் திருகு தேயும். ஒரு நாள் சக்கரம் மடங்கிப் படுத்துக்கொள்ளும்! 'நல்ல கார் இப்படிக் கவிழ்த்துவிட்டதே' என்பார்கள். கவிழ்த்தது கார் அல்ல, சோம்பல்.

தீப்பொறியை உண்டாக்கும் இடத்தில் இரண்டு சிறு முனைகள் திறந்து மூடும். அவற்றின் நடுவே உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. பெரியவர் அதற்கென்று ஒரு மெல்லிய தகட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். பேனா வைக்கும் இடத்தில் தகடு!

பிரேக் எண்ணெய் ஊற்றும் வாய், டிரைவர் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பை எடுத்து, மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் அவர் காலையில் வண்டியை எடுப்பதில்லை.

கார் திரும்பும்போது இன்று விளக்கு மினுக்குகிறது. இந்தக் காரில் கதவுக்குப் பின்னால் இருந்து சின்னக் கை ஒன்று நீளும். சைகை காட்டிவிட்டு மடங்கிக்கொள்ளும். நல்லூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர் தேவை இல்லாமலே இன்னொரு முறை நீட்டிக் காட்டினார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சீட் பெல்ட் இல்லை. பிரேக்கைப் பலமாக மிதித்தாலும் இன்றைய கார் போல் உடனே நிற்காது. வேகமாகப் போகும் பெரிய சாலையில், குழந்தை குட்டிகளோடு இதில் போக எனக்குத் துணிச்சல் வராது. ஊருக்குள், நிதானமாக, ஓட்டத் தெரிந்தவர் ஓட்டினால் சரி.

விலைக்குக் கேட்கிறார்கள்

2002-ம் ஆண்டு ஏப்ரலில், போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, கண்டி - யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை திறந்தது. புது வண்டிகள் வந்தன. பழைய கார்களைத் தேடித் தெற்கில் இருந்து ஆட்களும் வந்தார்கள். 2006-ல் சாலை மூடப்பட்டது. 2009-ல் போர் முடிந்து மறுபடியும் திறந்தபோது, ஆட்டோக்கள் பெருகிவிட்டன. வாடகைக்கு நின்ற ஆஸ்டின்களும் மாரிஸ்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. சில கொழும்புப் பணக்காரர்களின் கொட்டகைக்குப் போய், பளபளப்பாகப் பூசப்பட்டு, கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வருகின்றன.

2020-ல் இலங்கை மறுபடியும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு அனுமதி கிடைத்தது. நடுவில் 2022-ல் நாடு முழுவதும் பெட்ரோல் தட்டுப்பாடு. கொழும்பில்கூட மைல் கணக்கில் வரிசை நின்றது. அந்த ஆண்டு பழைய காலத்து நினைவு யாழ்ப்பாணத்தில் பலருக்கு வந்திருக்கும்.

பெரியவர் நல்லூர்க் கோவில் வாசலில் காரை நிறுத்தினார். பின்னால் போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு ஜாக்கி, கிரீஸ் அடிக்கும் துப்பாக்கி, முன்னால் போட்டுச் சுற்றும் கைபிடி. ஒரு மூலையில் துணி சுற்றிய சின்ன மருந்துப் போத்தல். அதில் இரண்டு விரல் அளவு பெட்ரோல்.

"இப்போதுதான் பங்கில் கிடைக்கிறதே?" என்றேன்.

"இப்ப கிடைக்குது" என்றார்.

காரை விலைக்குக் கேட்டு யாராவது வந்தார்களா என்று விசாரித்தேன். மாதம் ஒருவராவது வருகிறாராம். கொழும்பில் இருந்தும் வருகிறார்களாம். மகன் வெளிநாட்டில் இருந்து போன் செய்து, 'வித்துப்போட்டு ஒரு ஓட்டோ வாங்குங்கோவன் அப்பா' என்கிறானாம்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"நல்லூர்த் திருவிழா முடியட்டும், வாங்கோ எண்டு சொல்லிவிடுறது."

கூலியை வாங்கி எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டார். அப்போது ஓர் அம்மா பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "அண்ணை, ஆசுப்பத்திரிக்கு வருமோ?" என்று கேட்டார். பெரியவர் பின்கதவைத் திறந்துவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

'டிக், டிக், டிக்' என்று சத்தம் வந்தது.